பாக்கெட் பிஸ்டலை நம்புவதற்கு முன் சுட்டுப் பார்ப்பது எப்படி

மறைத்து எடுத்துச் செல்ல முதன்முதலாகத் துப்பாக்கி வாங்குகிறவர்களில் நிறையப் பேர் இருப்பதிலேயே சின்னதைத்தான் கையில் எடுக்கிறார்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது, பேண்ட் பாக்கெட்டில் போட்டால் வெளியே தெரிவதில்லை, மறைக்க மேலே ஜாக்கெட் எதுவும் வேண்டியதில்லை. வாங்கிய வாரமே ஒரு பெட்டி தோட்டா, அதாவது 50, சுட்டுப் பார்ப்பார்கள். நடுவில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ சிக்கும். புதுசு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டு, அடுத்த நாளிலிருந்து அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடப்பார்கள். இதை எழுத உட்கார்ந்ததே அந்த ஒன்றிரண்டு தடவைக்காகத்தான்.

"இந்த மாடல் நம்பகமானது" என்று பொதுவாகச் சொல்வதை வைத்துக்கொண்டு பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. உங்களிடம் இருக்கும் அந்த ஒரு துப்பாக்கி, அதோடு வந்த அந்த மேகசின் (தோட்டாவை அடுக்கிக் கைப்பிடிக்குள் செருகும் டப்பா), நீங்கள் அதில் போடும் தோட்டா, அதைப் பிடிக்கும் உங்கள் கை, அது நாள் முழுக்கக் கிடக்கும் உங்கள் பாக்கெட், இந்த ஐந்தும் சேர்ந்து ஒரு செட். சோதிக்க வேண்டியது அந்த செட்டைத்தான். ஐந்தில் ஒன்றை மாற்றினாலும் பழைய சோதனையில் பாதி செல்லாமல் போய்விடும்.

சட்டத்தைப் பற்றி இரண்டு வரி. அமெரிக்காவில் இதற்கான விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. சில மாநிலங்களில் உரிமம் இல்லாமலே மறைத்து எடுத்துச் செல்லலாம், சிலவற்றில் பயிற்சி வகுப்பு, கைரேகை, காத்திருப்பு எல்லாம் உண்டு, ஒரு மாநிலத்தில் வாங்கிய உரிமம் எல்லை தாண்டினால் செல்லாமலும் போகலாம். உங்கள் மாநில அரசின் விதியை நேரடியாகப் படித்துவிடுங்கள். துப்பாக்கியையே இதுவரை தொட்டதில்லை என்றால் முதலில் ஒரு பாதுகாப்பு வகுப்புக்குப் போங்கள், கீழே சொல்வதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சின்னதில் ஏன் இவ்வளவு சிக்கல்

ஒவ்வொரு தடவை சுடும்போதும் ஸ்லைடு, அதாவது முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகம், பின்னால் போய், வெற்றுக் கூட்டை அறையிலிருந்து (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) பிடுங்கி, வெளியே எறிந்து, ஸ்பிரிங்கை அமுக்கி, பிறகு முன்னால் திரும்பி வரும் வழியில் மேகசினின் மேலே இருக்கும் தோட்டாவைத் தள்ளிக்கொண்டு வந்து அறைக்குள் செருகுகிறது. கண் இமைப்பதற்குள் இத்தனையும் நடந்து முடிகிறது. பெரிய துப்பாக்கியில் ஸ்லைடு கனமானது, அது பயணிக்கும் தூரமும் அதிகம், அதனால் மேகசின் ஸ்பிரிங்குக்கு அடுத்த தோட்டாவை மேலே தூக்கிக் கொடுக்க அவகாசம் இருக்கிறது. சின்னதில் ஸ்லைடு லேசு, ஓடுகிற தூரம் குறைவு, வேகமோ அதிகம். அந்த வேகத்தை அடக்க விறைப்பான ஸ்பிரிங் போட்டிருப்பார்கள். மேகசின் ஸ்பிரிங் கொஞ்சம் சோர்ந்தாலும், ஒரு தோட்டா கொஞ்சம் பலம் குறைந்திருந்தாலும், உங்கள் மணிக்கட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் கணக்கு தப்பிவிடும்.

எடையை வைத்துப் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். ரூகர் எல்சிபி என்ற பாக்கெட் பிஸ்டல் காலியாக சுமார் 270 கிராம், அதைவிடப் பெரிய கிளாக் 19 காலி மேகசினோடு சுமார் 670 கிராம். ஸ்லைடு ஒழுங்காக ஓட வேண்டுமானால் கீழே இருக்கும் சட்டம் (ஃப்ரேம், கைப்பிடியோடு சேர்ந்த கீழ்ப்பாகம்) அசையாமல் நிற்க வேண்டும். 670 கிராமில் துப்பாக்கியின் சொந்தக் கனமே அந்த வேலையில் ஒரு பங்கைப் பார்த்துக்கொள்கிறது. 270 கிராமில் கிட்டத்தட்ட முழு வேலையும் உங்கள் கையினுடையது, அதுவும் பெரும்பாலும் இரண்டே விரல் பிடிக்க இடமிருக்கும் கைப்பிடியில்.

தோட்டாவின் அளவும் இதில் சேர்த்தி. பாக்கெட் அளவில் அதிகம் பார்ப்பது .380 ஏசிபி, ஜான் பிரவுனிங் வடிவமைத்து கோல்ட் நிறுவனம் 1908-ல் கொண்டுவந்தது. சின்ன உடம்புக்கு இதுதான் நல்ல சமரசம் என்பது என் கருத்து. அதற்கு மூத்தது .32 ஏசிபி, உதைப்பு குறைவு, ஆனால் அதன் கூட்டின் அடி விளிம்பு லேசாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நீளம் குறைந்த ஹாலோபாயிண்ட் (முனையில் குழி உள்ள) தோட்டாக்களை மேகசினில் போட்டால் முன்னால் இடைவெளி விழுந்து, அதிர்வில் தோட்டாக்கள் நகர்ந்து, மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். இது நடந்தால் ஸ்லைடை இழுத்து விட்டெல்லாம் சரி செய்ய முடியாது, மேகசினைக் கழற்றித்தான் ஆக வேண்டும். .22 தோட்டாவில் வேறு சிக்கல். பற்றவைக்கும் மருந்து நடுவில் தனிப் ப்ரைமராக இல்லாமல் விளிம்புக்குள் பரப்பப்பட்டிருப்பதால், அடி விழுந்தும் வெடிக்காமல் போவது மற்றவற்றை விட அதிகம். கை வலிமை குறைந்தவர்களுக்கு அது ஏற்றதாக இருக்கலாம், ஆனால் அதற்குச் சோதனை இன்னும் நீளமாக இருக்க வேண்டும். 9 எம்எம் இப்போது மிகச் சின்ன உடம்பிலும் வருகிறது. 2018-ல் வந்த சிக் பி365-க்குப் பிறகு, அதே கனத்துக்கு அதிகத் தோட்டா என்பது சாதாரணமாகிவிட்டது. பேண்ட் பாக்கெட்டுக்கு அது கொஞ்சம் தடிமன்தான், உங்கள் பாக்கெட் ஆழமானது என்றால் யோசியுங்கள்.

மாடல் புதிதாக வந்த வருஷமே வாங்க வேண்டாம் என்றும் சொல்வேன். ரூகர் எல்சிபி 2008-ல் வந்தது, அறையில் தோட்டா இருக்கும்போது கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று அதே வருஷமே ஆரம்பத் தொகுதியை நிறுவனம் திரும்ப அழைத்துச் சரிசெய்தது. ரெமிங்டன் ஆர்51 2014-ல் வந்து அதே வருஷம் திரும்பப் பெறப்பட்டது. எல்சிபி அதன்பிறகு பாக்கெட் பிஸ்டல்களிலேயே அதிகம் விற்றவற்றில் ஒன்றாகிவிட்டது, ஆகவே திரும்ப அழைத்தார்கள் என்பதற்காக ஒரு மாடலை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் பழையது வாங்கும்போது வரிசை எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, திரும்ப அழைத்த தொகுதியா, சரிசெய்யப்பட்டதா என்று பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

வீட்டில் செய்ய வேண்டியது

முதலில் மேகசினை வெளியே எடுங்கள், அப்புறம் ஸ்லைடை இழுத்து அறையைக் கண்ணால் பாருங்கள், சுண்டு விரல் நுனியால் தொட்டும் பாருங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது, மேகசின் உள்ளே இருக்கும்போது ஸ்லைடை இழுத்து விட்டால் அறைக்குள் இன்னொரு தோட்டா போய் உட்கார்ந்துவிடும். தோட்டா எல்லாம் வீட்டில் வேறொரு ரூமில் இருக்கட்டும்.

கையேட்டில் சொன்னபடி பிரித்து, தொழிற்சாலையில் பூசி அனுப்பிய பிசுபிசுப்பைத் துடைத்து எடுங்கள். அது துருவுக்காகப் பூசியது, ஓட்டத்துக்கு அல்ல. பிறகு ஸ்லைடு ஓடும் தடங்களிலும் குழலின் மேல்பக்கம் உரசித் தேய்ந்த மாதிரி தெரியும் இடத்திலும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் போதும். மேகசினுக்குள் எண்ணெய் வேண்டாம், தோட்டாவின் ப்ரைமருக்குள் இறங்கினால் அது செத்துப்போகக்கூடும்.

பிரித்திருக்கும்போதே இன்னொரு சின்ன சோதனை. குழலைத் தனியாகக் கையில் எடுத்து, நீங்கள் எடுத்துச் செல்லப் போகும் தோட்டாவை அதன் அறைக்குள் போட்டுப் பாருங்கள். "டிக்" என்று விழ வேண்டும், தலைகீழாகத் திருப்பினால் தானாக வெளியே வர வேண்டும். தள்ளினால்தான் போகிறது, தட்டினால்தான் வருகிறது என்றால் அந்தத் தோட்டா இந்தத் துப்பாக்கிக்கு ஆகாது.

மேகசின் இரண்டாவது வாங்குங்கள், முடிந்தால் மூன்று. அடியில் பெயிண்ட் பேனாவால் 1, 2, 3 என்று எழுதிவிடுங்கள். பாக்கெட் பிஸ்டல் சிக்கலில் பெரும்பகுதி மேகசினில்தான் முடியும், எண் இல்லாவிட்டால் எந்த மேகசின் குற்றவாளி என்றே தெரியாமல் துப்பாக்கியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

முதல் நாள் ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் களத்தில்)

கண்ணாடி, காதுக்கவசம், ஒரு சின்ன நோட்டு, பேனா. தோட்டா குறைந்தது 200, முனை உருண்டையான சாதாரணப் பயிற்சித் தோட்டா. ஒரே நாளில் எல்லாம் சுட வேண்டும் என்றில்லை. இந்தச் சின்னத் துப்பாக்கிகள் கையை நன்றாக உதைக்கும், 60, 70-க்கு மேல் பலருக்குப் பிடி தளர்ந்துவிடும், அப்புறம் வரும் சிக்கல் துப்பாக்கியினுடையதா களைத்த கையினுடையதா என்று பிரித்துப் பார்க்க முடியாது. மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

சில நிறுவனங்கள் ஆரம்பத் தேய்மானம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. கார் (Kahr) என்ற துப்பாக்கி நிறுவனம் தன் பிஸ்டல்களுக்கு முதல் 200 தோட்டா சுட்ட பிறகே நம்பச் சொல்கிறது. அப்படிப்பட்ட துப்பாக்கியில் சோதனையின் எண்ணிக்கை அந்த 200 முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. முதல் 200-ல் வந்த சிக்கலையும் நோட்டில் எழுதுங்கள், ஆனால் மன்னித்துவிடலாம். பின்னால் வருவதை மன்னிக்காதீர்கள்.

முதல் மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள். பிறகு இரண்டு. பிறகு முழுசாக. ஏன் இப்படி என்றால், எங்கேயாவது பெரிய கோளாறு இருந்தால் அது ஒரு தோட்டாவோடு வெளியே வரட்டும்.

சுடும்போது சத்தத்தைக் கவனியுங்கள். வழக்கமான வெடிக்குப் பதிலாக "பொட்" என்று அமுங்கின சத்தம், உதைப்பே இல்லை என்றால் உடனே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே மாட்டி நிற்கலாம், அதற்குப் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வெடித்துவிடும். ட்ரிகரை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் துப்பாக்கியை இலக்கின் பக்கமே நீட்டியபடி 30 விநாடி பொறுத்து, பிறகுதான் தோட்டாவை வெளியே எடுக்க வேண்டும்.

நோட்டில் எழுத வேண்டியது இது: தேதி, மேகசின் எண், தோட்டாவின் பெயர், மேகசினில் எத்தனையாவது தோட்டாவில் சிக்கியது, எந்தக் கையால் சுட்டீர்கள், என்ன பார்த்தீர்கள். கடைசி விஷயத்துக்காக, சிக்கியவுடனே ஸ்லைடை இழுத்து விடுவிக்காமல், விரலை ட்ரிகரிலிருந்து எடுத்து, துப்பாக்கியை இலக்கின் பக்கமே நீட்டியபடி, அப்படியே மொபைலில் ஒரு படம் எடுங்கள். சோதனை நாளில் மட்டும்தான் இப்படி. அந்தப் படம் பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும்.

சிக்கினால் என்ன அர்த்தம்

தோட்டாவின் மூக்கு கீழே குத்திக்கொண்டு, அறைக்குள் ஏற்றிவிடும் சரிவில் முட்டி நிற்கிறதா, மேகசினை முதலில் சந்தேகியுங்கள், அதுவும் முழுக்க நிரப்பிய முதல் தோட்டாவிலோ கடைசித் தோட்டாவிலோ மட்டும் நடந்தால் கிட்டத்தட்ட நிச்சயம். எண் 2-ஐ மாற்றிப் போட்டுச் சுட்டால் தெரிந்துவிடும். ஸ்லைடு கடைசி இரண்டு மில்லிமீட்டர் மூடாமல் நின்றால் அறை அழுக்கு, தோட்டாவின் அளவு, ஸ்பிரிங் சோர்வு, அல்லது நீங்கள் ஸ்லைடை விடும்போது கையால் கூடவே கொண்டுபோய்விட்டது. ஸ்லைடை நன்றாகப் பின்னால் இழுத்து, அப்படியே விட்டுவிட வேண்டும், அதுவாகப் போகட்டும்.

வெடிக்காத தோட்டாவை எடுத்து ப்ரைமரைப் பாருங்கள். நடுவில் ஆழமான குழி இருந்தால் தோட்டா மோசம். லேசான குழி, அல்லது ஓரமாக விழுந்த குழி இருந்தால் துப்பாக்கியைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான், ஊசி வரும் வழியில் அழுக்கு இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு. வெற்றுக் கூடு அறைக்குள்ளேயே மாட்டி, பின்னாலேயே புதுத் தோட்டா வந்து இடிப்பது எல்லாவற்றிலும் மோசமானது, சரி செய்ய நேரம் பிடிக்கும். கூட்டைப் பிடுங்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியில் பித்தளைத் தூள் சேர்ந்திருக்கிறதா என்று ஒரு பல்குத்தும் குச்சியால் சுரண்டிப் பாருங்கள். சுத்தம் செய்த பிறகும் இது திரும்ப வந்தால் அந்தத் துப்பாக்கியை எடுத்துச் செல்லாதீர்கள்.

ஸ்டவ்பைப் என்று எல்லோரும் சொல்வது, வெற்றுக் கூடு வெளியே முழுசாகப் போகாமல் ஸ்லைடுக்கும் குழலுக்கும் நடுவே நிமிர்ந்து மாட்டி நிற்பது. இதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், நான் இதில் இரண்டு மாதம் தவித்திருக்கிறேன். என்னுடைய முதல் .380, ஆறு தோட்டா மேகசின். இரண்டு கையாலும் பிடித்துச் சுட்டால் ஒரு குறையும் சொல்ல முடியாது. வலது கையால் மட்டும் சுட்டால் நாலாவது அல்லது ஐந்தாவது தோட்டாவில் பித்தளைக் கூடு அப்படியே நிமிர்ந்து நிற்கும். மேகசின் மாற்றினேன், தோட்டா மாற்றினேன், எண்ணெய் மாற்றினேன். ஸ்பிரிங் தப்பு என்று முடிவு கட்டி நிறுவனத்துக்கு எழுதவே உட்கார்ந்துவிட்டேன். எனக்குச் சுடச் சொல்லிக்கொடுத்த அண்ணன் ஒருவர் ரேஞ்சுக்கு வந்து பக்கவாட்டில் நின்று மொபைலில் மெதுவாக ஓடும் வீடியோ எடுத்தார். "தம்பி, துப்பாக்கியை விடு, உன் மணிக்கட்டைப் பாரு" என்றார். முதல் தோட்டாவில் மணிக்கட்டு கல் மாதிரி இருக்கிறது. இரண்டாவதில் கொஞ்சம் மடிகிறது. நாலாவதில் துப்பாக்கி முழுசும் கையோடு சேர்ந்து மேலே பின்னால் போகிறது, ஸ்லைடு ஓட வேண்டிய தூரத்தைச் சட்டமும் கூடவே ஓடிவிடுகிறது. சுண்டு விரலுக்கு இடம் கொடுக்கும் அடித்தட்டு ஒன்றை மேகசினில் போட்டு, மணிக்கட்டைப் பூட்டிச் சுடப் பழகினேன், ஒரு கையில் 150 தோட்டா சிக்கலில்லாமல் ஓடியது.

கை தப்பு, துப்பாக்கி சரி என்று அதோடு விட்டுவிடலாமா? கூடாது. உண்மையில் தேவைப்படும் நேரத்தில் கை நடுங்கலாம், அடிபட்டிருக்கலாம், இடது கையில் குழந்தை இருக்கலாம். அதனால் இப்போதெல்லாம் சோதனையின் ஒரு பங்கை வேண்டுமென்றே மோசமான பிடியில் சுடுகிறேன், அடுத்து அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் இரண்டு சின்ன விஷயம். சின்ன உடம்பில் கட்டைவிரல் ஸ்லைடு நிறுத்தியின் மேல் படுவது சகஜம், தோட்டா மீதமிருக்கும்போதே ஸ்லைடு பின்னால் நின்றாலோ கடைசித் தோட்டாவுக்குப் பிறகு நிற்காமல் போனாலோ முதலில் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சில மாடல்களில், முதல் எல்சிபி அப்படித்தான், கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு தானாகப் பின்னால் நிற்கும் ஏற்பாடே கிடையாது, அதைக் கோளாறு என்று எழுதிவிடாதீர்கள்.

மோசமான நிலையில் சுடுவது

சாதாரணமாக 200 சுத்தமாக ஓடிவிட்டால், சுத்தம் செய்யாமலே அடுத்த 50-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வலது கையால் மட்டும் ஒரு மேகசின், இடது கையால் மட்டும் ஒன்று. முழங்கையை மடக்கி, துப்பாக்கியை உடம்புக்குப் பக்கத்தில் வைத்து ஒன்று, ரேஞ்சில் அனுமதித்தால், பயிற்சியாளர் கூட நின்றால் மட்டும். பிடியைக் கொஞ்சம் தளர்த்தி ஒன்று, துப்பாக்கி கையை விட்டுப் போகும் அளவுக்குத் தளர்த்த வேண்டாம். எழுத வேண்டியது முன்பு சொன்னதேதான்.

எந்தப் பாக்கெட் பிஸ்டலும் இதில் நூற்றுக்கு நூறு வாங்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரு கையில் எப்போதாவது சிக்குகிறது, சிக்கினால் மேகசினை அடியில் தட்டி ஸ்லைடை இழுத்து விட்டால் சரியாகிறது என்றால், அதை மனதில் வைத்துக்கொண்டு பழகலாம். ஒவ்வொரு மேகசினிலும் சிக்குகிறது என்றால் அந்தத் துப்பாக்கியும் நீங்களும் பொருத்தமில்லை, கொஞ்சம் கனமானதற்குப் போய்விடுங்கள். இந்த இடத்தில் பலர் விடாப்பிடியாக நிற்கிறார்கள், அது வீண்.

பிறகுதான் எடுத்துச் செல்லும் தோட்டா. ஹாலோபாயிண்ட்டின் முனை தட்டையாக, வாய் திறந்திருக்கும், சரிவில் ஏறும் விதமே வேறு. உருண்டைத் தோட்டா 500 ஓடியது என்பது இதற்குச் சாட்சி ஆகாது. அதே பெயர், அதே எடை கொண்ட தோட்டாவில் குறைந்தது 50, ஒவ்வொரு மேகசினிலும் பங்கு போட்டு, அறையில் ஒன்றோடு மேகசின் நிறைய என்று எப்படி எடுத்துச் செல்வீர்களோ அப்படியே நிரப்பிச் சுடுங்கள். விலை கூடுதல், தெரியும். அதனால்தான் பலர் ஏழெட்டு சுட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஹாலோபாயிண்ட் சிக்கிக்கொண்டே இருக்கிறது, உருண்டையில் சிக்கலே இல்லை என்றால், இன்னொரு நிறுவனத்தின் ஹாலோபாயிண்ட்டை முயலுங்கள். அதுவும் ஓடவில்லை என்றால் நான் ஓடுகிற தோட்டாவைத்தான் எடுத்துச் செல்வேன்.

எத்தனை சுட்டால் போதும்

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். புள்ளியியலில் எளிய விதி ஒன்று இருக்கிறது: ஒரு சிக்கலும் இல்லாமல் சுட்ட எண்ணிக்கையால் 3-ஐ வகுத்தால், உண்மையான சிக்கல் விகிதம் 95 சதவீத நம்பிக்கையில் அதற்குள் இருக்கும். 50 சுட்டு ஒன்றும் சிக்கவில்லையா? 3-ஐ 50-ஆல் வகுத்தால் 6 சதவீதம். அதாவது பதினேழு தோட்டாவுக்கு ஒன்று சிக்கும் துப்பாக்கியாகக்கூட அது இருக்கலாம், உங்கள் ஒரு பெட்டி அதை மறுக்கவில்லை. 200 என்றால் 1.5 சதவீதம். 300 என்றால் 1 சதவீதம். ஒரு பெட்டி ஏன் போதாது என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க: கலிபோர்னியாவில் ஒரு கைத்துப்பாக்கி மாடல் விற்பனைப் பட்டியலில் இடம்பெற சட்டப்படி ஒரு சுடும் சோதனை உண்டு. மூன்று துப்பாக்கி, ஒவ்வொன்றிலும் 600 தோட்டா, முதல் 20 சிக்கலே இல்லாமல் ஓட வேண்டும், 600-ல் ஆறுக்கு மேல் சிக்கக் கூடாது. நூற்றுக்கு ஒன்று என்பது விற்பதற்கான தகுதி. என் பாக்கெட்டுக்கு அது போதாது. என் அளவுகோல் இதுதான்: பயிற்சித் தோட்டா 200, எடுத்துச் செல்லும் தோட்டா 50, இரண்டும் தொடர்ச்சியாக, இரு கைப் பிடியில், துப்பாக்கியினாலோ மேகசினாலோ ஒரு சிக்கலும் இல்லாமல். நடுவில் ஒன்று சிக்கினால், காரணத்தைக் கண்டுபிடித்துச் சரி செய்துவிட்டு, எண்ணிக்கையைப் பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்குவேன். 190-வது தோட்டாவில் சிக்கினாலும் பூஜ்யம்தான்.

பாக்கெட்டும் ஒரு பாகம்தான்

ரேஞ்சில் எல்லாம் தேர்ந்தாலும் ஒரு மாதம் பாக்கெட்டில் கிடந்த பிறகு அது வேறு துப்பாக்கி. ஒரு தடவை மூன்று வாரம் கழித்து வெளியே எடுத்து, காலி செய்து, பிரித்து, குழலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் விளக்குத் திரி மாதிரி ஒரு பஞ்சு, வெளிச்சத்தில் பாதியை மறைத்துக்கொண்டு. ட்ரிகருக்குப் பின்னால் இன்னொரு உருண்டை. எண்ணெய் போட்ட தடங்களில் பஞ்சும் எண்ணெயும் சேர்ந்து களிம்பாக இருந்தது. அன்றிலிருந்து வாரம் ஒரு தடவை பார்க்கிறேன்.

பாக்கெட்டில் உறை இல்லாமல் போடவே கூடாது. ட்ரிகரை முழுசாக மூடும் பாக்கெட் ஹோல்ஸ்டர், வெளியே எடுக்கும்போது துணியில் பிடித்துக்கொண்டு பாக்கெட்டிலேயே தங்கும்படி இருக்க வேண்டும். அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும், சாவி, சில்லறை, பேனா, எதுவும் இருக்கக் கூடாது. அப்புறம் பலர் யோசிக்காத ஒன்று: உட்காரும்போது உறையின் ஓரம் மேகசின் பொத்தானை அமுக்கி, மேகசின் இரண்டு மில்லிமீட்டர் கீழே இறங்கிவிடும். பார்க்கத் தெரியாது. அறையில் இருக்கும் ஒன்று மட்டும் வெடிக்கும், அடுத்தது வராது. இதைச் சோதிக்க, போலித் தோட்டா நிரப்பிய மேகசினோடு வீட்டில் இரண்டு நாள் உட்கார்ந்து எழுந்து, குனிந்து, காரில் ஏறி இறங்கி, இரவில் மேகசினின் அடியைத் தட்டிப் பாருங்கள். "க்ளிக்" என்று கேட்டால் அது இறங்கியிருந்தது என்று அர்த்தம், வேறு உறை பாருங்கள். கையால் நகர்த்தும் பாதுகாப்பு நெம்புகோல் உள்ள மாடல் என்றால் அது தானாக நகர்கிறதா என்பதையும் அதே இரண்டு நாளில் பார்த்துவிடலாம்.

வேர்வை இன்னொரு எதிரி. உடம்போடு ஒட்டும் பக்கத்தில் துரு முதலில் வருவது எக்ஸ்ட்ராக்டரிலும் சின்ன ஸ்க்ரூக்களிலும்தான்.

ரிவால்வர் என்றால் இந்தத் தொல்லையே இல்லையே என்பார்கள். பாதி உண்மை. பிடி தளர்ந்தால் அது சிக்காது, மேகசினும் கிடையாது. ஆனால் ஸ்மித் அண்ட் வெசன் 642, ரூகர் எல்சிஆர் மாதிரி லேசான ரிவால்வரில் உதைப்பு பலமாக இருப்பதால், சுடாமல் மீதமிருக்கும் தோட்டாவின் குண்டு கூட்டிலிருந்து முன்னால் நழுவி, உருளையை நகரவிடாமல் பூட்டிவிடக்கூடும். அதனால் ஐந்து போட்டு நாலைச் சுட்டுவிட்டு, ஐந்தாவதின் நீளத்தை வெர்னியரால் சுடுவதற்கு முன்பும் பின்பும் அளந்து பாருங்கள். எரியாத மருந்துத் துகள், வெற்றுக் கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தட்டின் அடியில் போய் உட்கார்ந்தாலும் உருளை மூடாது, ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ் போதும்.

தேறிய பிறகு

வாரம் ஒரு தடவை காலி செய்து, பஞ்சைத் துடைத்து, குழலை வெளிச்சத்தில் பாருங்கள். ஒவ்வொரு தடவை காலி செய்து நிரப்பும்போதும் அதே தோட்டாவையே அறைக்குள் ஏற்றிக்கொண்டிருக்காதீர்கள். திரும்பத் திரும்பச் சரிவில் இடித்தால் குண்டு கூட்டுக்குள் அழுந்திவிடும், அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். புதுத் தோட்டாவின் பக்கத்தில் நிறுத்தி வைத்துப் பார்த்தால் குட்டையாகிவிட்டது கண்ணுக்கே தெரியும், அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், சுட வேண்டாம். ஸ்பிரிங்கை எத்தனை தோட்டாவுக்கு ஒரு முறை மாற்றுவது என்பது கையேட்டில் இருந்தால் அப்படியே செய்யுங்கள், சின்னத் துப்பாக்கியில் அது பெரியதை விடச் சீக்கிரமே வரும்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரேஞ்சுக்குப் போகும்போது சுத்தம் செய்யாதீர்கள். பாக்கெட்டில் எப்படிக் கிடந்ததோ, அதே பஞ்சோடு, அதே தோட்டாவோடு கொண்டுபோய், குழல் அடைக்கவில்லை என்று மட்டும் காலி செய்து பார்த்துக்கொண்டு, முதல் மேகசினை அப்படியே சுடுங்கள். அந்தத் தோட்டாக்கள் ஓடிய விதத்தை நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். என் நோட்டில் அந்தப் பக்கத்தில் இதுவரை பதினொரு வரி இருக்கிறது, ஒரு வரியில் சிவப்பு. எண் 2 மேகசின், கடைசித் தோட்டா, மூக்கு கீழே. அந்த மேகசின் இப்போது பயிற்சிக்கு மட்டும்தான்.